சோழவந்தான் வீடு குரூப்: பத்திரிகை ப்ரூஃப் திறக்க மாட்டேங்குது

சுந்தரம்: காதணி பத்திரிகை மெயில்ல வந்துருச்சு. ஒரு ஃபைலும் திறக்கல. ராத்திரி 8 மணிக்குள்ள ஓகே சொல்லணுமாம், ப்ரஸ்ல அச்சடிக்க பிளேட் போடப்போறாங்களாம். கார்த்தி எங்க

பாண்டி: தூங்குறான்ணே. நைட் ஷிப்ட்

மீனா: எழுப்புங்க சித்தப்பா 🙏

செல்வி: யார் யார் பேரு போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணே

சுந்தரம்: திறந்தாத்தானம்மா சொல்ல முடியும்

முருகேசன்: 👍

கார்த்தி: எந்திரிச்சுட்டேன் பெரியப்பா. முதல்ல ஒவ்வொரு ஃபைல் பேருலயும் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க. கம்ப்யூட்டர் அதை மறைச்சு வச்சிருக்கும். ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து மேல 'வியூ'வை அமுக்குனா 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடுங்க. உங்களது விண்டோஸ் 10, நேரா அங்கயே இருக்கும். விண்டோஸ் 11 வச்சிருக்கவங்க வியூவுக்குள்ள 'ஷோ'வுக்குப் போகணும். அந்தக் கடைசி எழுத்து தெரியாம எதையும் நோண்ட வேண்டாம்

பாண்டி: விடிய விடிய எழுதுவான்

சுந்தரம்: போட்டாச்சு. காதணி டாட் சிடிஆர். மேட்டர் டாட் டாக்ஸ். மூணாவது சரவணன் அனுப்புனது, வின்மெயில் டாட் டேட்

சரவணன் சிங்கப்பூர்: நான் போட்டோதானப்பா அனுப்புனேன்

சுந்தரம்: போட்டோ எங்கயும் இல்ல

மீனா: தாய்மாமன் போட்டோ இல்லாம பத்திரிகையா

கார்த்தி: மூணுக்கும் மூணு காரணம். சரவணண்ணனோடதை முதல்ல முடிச்சிருவோம். அண்ணே, ஆபீஸ் அவுட்லுக்ல இருந்துதான அனுப்புனீங்க? அதுல மெயில் 'ரிச் டெக்ஸ்ட்'ல போனா, அட்டாச்மென்ட் எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டிரும். அவுட்லுக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியும், மத்த நிறைய மெயில்ல வின்மெயில் டாட் டேட்னு வந்து நிக்கும். பெரியப்பா கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல, நீங்கதான் மாத்தணும். புது மெயில்ல 'ஃபார்மட் டெக்ஸ்ட்'னு மேல இருக்கும், அதுல ஹெச்டிஎம்எல்லை அமுக்கிட்டு போட்டோவை வச்சு அனுப்புங்க. எப்பவும் அப்படியே போகணும்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், அங்க 'கம்போஸ் மெசேஜஸ் இன் திஸ் ஃபார்மட்'ல ஹெச்டிஎம்எல் வைங்க

சரவணன் சிங்கப்பூர்: ஓகே டா

பாண்டி: பேரை ஜேபிஜின்னு மாத்துனா திறக்காதா?

கார்த்தி: மாறுறது பேரு மட்டும்தாம்ப்பா. உள்ள இருக்கிறது அப்படியேதான் இருக்கும். அப்புறம் எது என்னன்னே தெரியாமப் போயிரும், தயவுசெஞ்சு யாரும் பேரை மாத்தாதீங்க

செல்வி: தேதி 17ஆ 18ஆ

மீனா: அத்தை அது முடிவாயிருச்சு

செல்வி: யாரும் என்கிட்ட சொல்லல

கார்த்தி: சிடிஆர்ங்கிறது கோரல்ட்ரா ஃபைல். அதைத் திறக்கிற சாஃப்ட்வேர் இல்லாத கம்ப்யூட்டர்ல திறக்காது. ப்ரஸ்ல பிடிஎஃப் கேளுங்க பெரியப்பா

திவ்யா: பெரிய மாமா, சும்மா பிடிஎஃப்னு கேட்டா பத்தாது. எழுத்தை கர்வ் ஆக்கிட்டு பிடிஎஃப் எடுக்கச் சொல்லுங்க. கன்ட்ரோல் ஏ, அப்புறம் கன்ட்ரோல் க்யூ. அப்பத்தான் எழுத்து படமா மாறி, ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்லயும் அவங்க வச்ச மாதிரியே தெரியும். ஆனா கர்வ் ஆக்குனதுல ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதை வேற பேர்ல சேவ் பண்ணிட்டு ஒரிஜினலைத் தனியா வச்சுக்கச் சொல்லுங்க. நிறைய பேர் அது மேலயே சேவ் பண்ணிட்டு அப்புறம் மொத்தத்தையும் திரும்ப அடிப்பாங்க

கார்த்தி: டிடிபி மேடம் வந்துட்டாங்க

திவ்யா: மச்சான் நீங்க தூங்குங்க 😂

சுந்தரம்: உன் கடைல கோரல் இருக்குல்ல, நீயே திறந்து பாரேன் தாயி

திவ்யா: எங்கிட்ட எக்ஸ்3 தான் மாமா. புது வெர்ஷன்ல சேவ் பண்ணது பழசுல திறக்காது. சேவ் ஆஸ் பண்ணும்போது கீழ வெர்ஷன்னு ஒரு பட்டியல் வரும், அதுல அவங்க குறைச்சுப் போட்டுக் குடுத்தா திறக்கும். சில டிசைன் எஃபெக்ட் போயிரும். அதுக்கு பிடிஎஃப்பே மேல்

சுந்தரம்: ப்ரஸ்காரருக்கு சொல்லிட்டேன். மேட்டர் டாக்ஸ் திறக்குது, ஆனா பூரா இங்கிலீஷ் எழுத்து. நடுவுல கமா, அரைப்புள்ளி. வைரஸா?

முருகேசன்: வைரஸ்தான்

கார்த்தி: இல்ல மாமா. அது பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது. பாமினி, வானவில் இதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் உருவத்தை வச்சிருக்கும். பாமினில அம்மான்னு அடிச்சா ஃபைலுக்குள்ள இருக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஃபான்ட் இருக்கிற கம்ப்யூட்டர்ல அது அம்மாவாத் தெரியும், இல்லாத கம்ப்யூட்டர்ல இந்தக் கிறுக்கல்தான். பெரியப்பா, அந்தக் கிறுக்கல் நடுவுல ஒரு தடவை கிளிக் பண்ணிட்டு மேல ஃபான்ட் பேரு வர்ற கட்டத்தைப் பாருங்க. ஃபான்ட் இல்லைன்னாலும் பேரைக் காட்டும்

சுந்தரம்: பாமினின்னு இருக்கு

கார்த்தி: அப்ப ப்ரஸ்ல அந்த ஃபான்டோட டிடிஎஃப் ஃபைலை மட்டும் கேளுங்க. வந்ததும் ரைட் கிளிக், இன்ஸ்டால். வேர்டை முழுசா மூடிட்டுத் திரும்பத் திறங்க. மூடாம விட்டா மாறாது

திவ்யா: அதுவரைக்கும் அதுல எதையும் திருத்தி சேவ் பண்ணாதீங்க மாமா. முழுசா செலக்ட் பண்ணி வேற ஃபான்ட் மாத்திட்டீங்கன்னா எது பாமினி எது நிஜ இங்கிலீஷ்னு ப்ரஸ்காரருக்கே தெரியாது. மண்டபம் போன் நம்பரெல்லாம் குழம்பிரும்

முருகேசன்: என் ஆதார் பிடிஎஃப்பும் திறக்கல. மண்டபத்துல காப்பி கேட்டாங்க. பாஸ்வேர்டு கேக்குது

கார்த்தி: அது வேற கதை மாமா. ஆதார்ல இங்கிலீஷ்ல இருக்கிற பேரோட முதல் நாலு எழுத்து, எல்லாம் கேப்பிடல். பக்கத்துலயே பிறந்த வருஷம். இடைவெளி விடாதீங்க

செல்வி: எந்த வருஷம்? ஸ்கூல்ல குடுத்ததா, பொறந்ததா?

மீனா: 😂😂😂

கார்த்தி: ஆதார்ல இருக்கிறது அத்தை

செல்வி: அப்ப ஸ்கூல்ல குடுத்தது. ரெண்டு வயசு கம்மி

பாண்டி: மச்சான் இன்னும் இளந்தாரிதான்

முருகேசன்: திறந்துருச்சு. நன்றி

பாண்டி: எனக்கும் நேத்து ஒரு பத்திரிகை வந்துச்சு. யாருன்னே தெரியல, புது நம்பர். போன்ல திறக்கல. கல்யாண அழைப்பிதழ் டாட் ஏபிகே

கார்த்தி: அப்பா அதைத் தொடாதீங்க. இன்ஸ்டால்னு கேட்டுச்சா?

பாண்டி: கேட்டுச்சு. அதுக்குள்ள சார்ஜ் போயிருச்சு

கார்த்தி: நல்லவேளை. பத்திரிகை ஏபிகேல வராது. அது ஒரு ஆப். உள்ள வந்தா எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, பேங்க் ஓடிபியைத் தூக்கிரும். இப்பவே டெலீட் பண்ணுங்க, நம்பரை பிளாக் பண்ணுங்க. யாராவது இன்ஸ்டாலே பண்ணிட்டா முதல்ல நெட்டை ஆஃப் பண்ணணும், அப்புறம் அந்த ஆப்பை எடுக்கணும், வேற போன்ல இருந்து பேங்குக்குச் சொல்லணும். பணம் போயிருந்தா உடனே சைபர் க்ரைம் நம்பர் 1930க்குக் கூப்பிடணும். கம்ப்யூட்டர்லயும் இதே ஏமாத்துதான், பத்திரிகை டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இன்னு வரும். கடைசி எழுத்து மறைஞ்சிருந்தா பிடிஎஃப் மாதிரியே தெரியும். அதுக்குத்தான் முதல்லயே டிக் போடச் சொன்னேன்

பாண்டி: இதை நம்ம தெரு குரூப்ல போடுறேன்

கார்த்தி: மெசேஜை மட்டும் போடுங்க, ஃபைலைச் சேத்து ஃபார்வர்டு பண்ணிறாதீங்க

பாண்டி: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

மீனா: சித்தப்பா 🤦‍♀️

சுந்தரம்: சரவணன் மெயில் வந்துருச்சு. இப்ப ஹெச்இஐசின்னு முடியுது. திறக்கல

கார்த்தி: ஐபோன் போட்டோ. அதை விண்டோஸ்ல திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல 'ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' போடணும், அது இலவசம். ஆனா கூடவே ஹெச்இவிசின்னு இன்னொண்ணும் வேணும்கும், அதுக்குக் காசு. அதை விட சரவணண்ணன் ஜேபிஜியா அனுப்புறது சுலபம். அண்ணே, ஷேர் பண்ணும்போது மேல 'ஆப்ஷன்ஸ்'ல 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைங்க. கேமரா செட்டிங்ஸ்ல ஃபார்மட்ஸை மாத்துனா இனிமே எடுக்கிற படத்துக்குத்தான் ஆகும், எடுத்த படம் மாறாது

சரவணன் சிங்கப்பூர்: வாட்ஸ்அப்ல போட்டா ஆகாதா

திவ்யா: பத்திரிகைக்கு ஆகும் மச்சான். படம் ரெண்டு அங்குலம்தான், அங்குலத்துக்கு 300 புள்ளின்னு (300 டிபிஐ) வச்சா 600 பிக்சல் போதும். ஆனா ப்ளெக்ஸுக்கும் இதே படத்தைத்தான் போடப்போறாங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா சுருக்கிரும், பத்தடி போர்டுல மூஞ்சி கட்டம் கட்டமா வரும். 'டாக்குமென்ட்'னு வச்சு அனுப்புங்க

மீனா: ப்ளெக்ஸ் வேண்டாம்னு சொன்னேன்ல

பாண்டி: தாய்மாமனுக்கு ப்ளெக்ஸ் இல்லாமலா? அழகர்கோவில் வாசல்ல ஒண்ணு, மண்டபத்துல ஒண்ணு

மீனா: கோவில்கிட்ட வேண்டாம் சித்தப்பா. இதை நேர்ல பேசிக்குவோம்

செல்வி: கோவில் தோசை எத்தனை சொல்லணும்?

சுந்தரம்: பிடிஎஃப் வந்துருச்சு!!! திறந்தா 'டேமேஜ்டு'ங்குது

கார்த்தி: மெயில்ல அந்த ஃபைல் எத்தனை எம்பின்னு காட்டுது? இறங்குன ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதுல சைஸ் எவ்வளவு?

சுந்தரம்: மெயில்ல 6 எம்பி. இங்க 400 கேபி

கார்த்தி: பாதில நின்னுருச்சு. அழிச்சிட்டுத் திரும்ப இறக்குங்க. கீழ ஓடுறது முடியிற வரைக்கும் தொடாதீங்க. 'சிஆர்டவுன்லோடு'ன்னு முடிஞ்சா இன்னும் இறங்கிட்டு இருக்குன்னு அர்த்தம்

சுந்தரம்: வந்துருச்சு. நல்லாத் திறக்குது. கருப்பணசாமி துணைன்னு மேல போட்டிருக்கான்

செல்வி: அண்ணே பேரு

சுந்தரம்: இருக்கும்மா. உன் பேரு, மாப்ள பேரு, எல்லாம் அன்புடன் அழைக்கும்கிற இடத்துல இருக்கு

செல்வி: அன்புடன் அழைக்கும்லயா? உறவினர் வரிசைலயா? பாண்டிக்கு மேலயா கீழயா?

பாண்டி: அக்கா ஆரம்பிச்சுட்டா

முருகேசன்: எனக்கு எங்க போட்டாலும் பரவாயில்ல

மீனா: மாமா புதுமனை பத்திரிகைல முருகன்னு போட்டதுக்கு சாப்பிடாமப் போனீங்க

முருகேசன்: அன்னைக்கு எனக்கு வயிறு சரியில்ல

சுந்தரம்: கீழதான் இருக்கு. முருகேசன்ல 'சன்' விட்டுப்போச்சு. 'முருகே'ன்னு இருக்கு

செல்வி: பாத்தீங்களா

திவ்யா: மாமா, ப்ரஸ்ல கர்வ் ஆக்காத ஃபைல் இருக்கான்னு உடனே கேளுங்க. இருந்தா ரெண்டு நிமிஷ வேலை

சுந்தரம்: போன் எடுக்க மாட்டேங்குறாரு. மணி 7.40

கார்த்தி: மெயிலுக்கே பதில் போடுங்க. அந்த வரியை மட்டும் எழுதுங்க, பிடிஎஃப்பைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பிளேட் போட வேண்டாம்னு முதல் வரில

பாண்டி: அண்ணே அப்படியே வரிசையையும் மாத்தச் சொல்லிருங்க, அக்காவை மேல போடட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல

செல்வி: நீ ஒண்ணும் விட்டுக்குடுக்க வேண்டாம்

சுந்தரம்: மெயில் போட்டாச்சு. நாளைக்குக் காலைல நேர்லயே போறேன். அதுவரைக்கும் யாரும் இதை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க

முருகேசன்: தெரு குரூப்ல ஏற்கெனவே வந்துருச்சே