பாரிசவாதப் பயிற்சி: ‘மெய்நிகர் உண்மை’ வேண்டுமா?

திருகோணமலை, இயன்மருத்துவர்:
பெரியோர்க்கு வணக்கம். பாரிசவாதத்தால் தளர்ந்த கைக்குப் பயிற்சி கொடுக்கையில், தலையில் மாட்டும் கருவி காட்டும் உலகில் நோயாளர் பொருள்களை எட்டி எடுப்பதுண்டு. இதைப் பற்றிய துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலத்தில் ‘virtual reality’ எனப்படும் இதை ‘மெய்நிகர் உண்மை’ என்றால் மூதூரிலிருந்து வரும் அம்மாவுக்கு விளங்குமா?

நிலாவெளி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, மெய் என்றாலே உண்மைதான். பின்னால் இன்னோர் உண்மை எதற்கு? கூறியது கூறல். புணர்ச்சியையும் பாருங்கள்: மெய்ஞ்ஞானம் போல மெய்ந்நிகர் என்றல்லவா வரவேண்டும்! ஆனாலும் மெய்யை விடவேண்டாம்; அதற்கு உடல் என்றும் பொருள். உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்கிறோமே, அந்தச் சொல்லை எண்ணுங்கள். உடலுக்கான சிகிச்சைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

கிண்ணியா, கணினி ஆசிரியை:
சேர், இலக்கணம் எழுதிய நன்னூலார் ‘மெலி மிகலுமாம்’, அதாவது மெல்லெழுத்து மிகுந்தும் வரலாம் என்றே சொல்கிறார். அந்த ‘உம்’மால் மிகாமலும் வரலாம். ஆனால் என் கவலை வேறு. நோயாளருக்கு மெய்யும் நிகரும் எதற்கு? ‘தோற்ற உலகப் பயிற்சி’ என்று எழுதுங்கள்.

நிலாவெளி:
மகள், மரண அறிவித்தலில் ‘தோற்றம், மறைவு’ என்று போடுகிறோம். பாரிசவாதத்தில் படுத்தவரிடம் அந்தச் சொல்லா?

திருகோணமலை:
ஐயா சொல்வது நெஞ்சில் தைக்கிறது. என் அச்சம் ஒன்றையும் சொல்கிறேன். பெயர் பெரிதானால் எதிர்பார்ப்பும் பெரிதாகும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு, இந்தப் பயிற்சி பற்றிய 72 ஆய்வுகளை, 2470 நோயாளரை எடுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது கையின் இயக்கத்தில் கூடுதல் நன்மை தெரியவில்லை. அதனுடன் சேர்த்துக் கொடுத்துப் பயிற்சி நேரம் கூடியபோது தெரிந்தது. 2016இல் 141 பேரிடம் நடந்த ஆய்வில் நிண்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியைவிடச் சீட்டாட்டம் போன்ற பொழுதுபோக்குகள் சளைக்கவில்லை. அந்தக் கருவிக்குத் தொலைக்காட்சித் திரையே போதும். நாம் தேடும் பெயர் அதற்கும் பொருந்தவேண்டும். ஆகவே ‘உண்மை’ வேண்டாம், ‘பயிற்சி’ கட்டாயம் வேண்டும்.

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:
‘மெய்நிகர்ப் பயிற்சி’ என்று போட்டு, கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். அகராதிகளிலும் செய்தித்தாள்களிலும் ஏறிவிட்ட சொல்லை இனி இறக்க முடியாது.

திருகோணமலை:
நேரமில்லை. அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

கிண்ணியா:
அனுப்புங்கள். ஆனால் அந்த விளக்க வரியைத் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். விளக்கமில்லாமல் விளங்காத சொல்லை நோயாளர் கையில் கொடுப்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.

நிலாவெளி:
ந் ஒற்று விடுபட்டதை நானும் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பில் பேசுவோம்.