வரலாற்றுக் காலக்கோட்டு அட்டைகளை எப்படி அடுக்குவது?

கேள்வி: வணக்கம். வீட்டிலேயே கல்வி கற்கும் என் ஒன்பது வயது மகளும் நானும் வரலாற்று அட்டைகள் செய்து வருகிறோம். ஏ4 அட்டைத்தாளை நான்காக வெட்டி, ஒரு பக்கம் அவள் வரைந்த படமும் மறுபக்கம் ஆண்டும் சிறு குறிப்புமாக நாற்பது அட்டைகள் சேர்ந்துவிட்டன. நூற்றாண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று சுவரில் கோடு போட்டு ஒட்டினால், 1800ஐத் தாண்டியதும் அட்டையின் மேல் அட்டை ஏறுகிறது. சங்க காலத்துக்கு எந்த ஆண்டை எழுதுவது என்பதும் விளங்கவில்லை.

மறுமொழி 1: வணக்கம் சகோதரி. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கிளர்ச்சிக்கும் 1857க்கும் இடையே உங்கள் சுவரில் ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கிறது. அட்டையின் அகலமோ பத்துக்கும் மேல். ஆகவே சுவரில் ஆண்டு எழுதிய புள்ளிகள் மட்டும் இருக்கட்டும். அட்டைகளைச் செருப்புப் பெட்டியில், நூற்றாண்டுக்கு ஒரு தடுப்பு வைத்து நிறுத்துங்கள். வரிசை எண் மட்டும் போடாதீர்கள். நான் 1, 2, 3 என்று போட்டுவிட்டு, 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலுக்காக இடையில் ஓர் அட்டை சேர்க்க நேர்ந்தபோது அத்தனையையும் அழித்து எழுதினேன்.

மறுமொழி 2: சங்க காலத்தை ஓர் ஆண்டில் அடக்க முடியாது. ஏறத்தாழ கி.மு. 300 முதல் கி.பி. 300 வரை என்று பலரும் கொள்வதால், கோட்டின்மீது அறுபது சென்டிமீட்டருக்கு வண்ணத்தாள் பட்டை ஒட்டி, ஓரங்களை மங்கலாக விடுங்கள். சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடும் அசோகர் கல்வெட்டுக்கான புள்ளி அப்பட்டையின் தொடக்கத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அமையும். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1 என்பதையும் சொல்லிவையுங்கள். என் மகன் பூஜ்யத்துக்கென்று ஓர் அட்டையே செய்துவிட்டான்!

மறுமொழி 3: படங்களைப் பற்றி ஒரு சொல். அரசர்களின் முகங்களை நாட்காட்டிப் படங்களைப் பார்த்து வரைவதைவிட, இன்றும் கண்ணால் காணக்கூடியவற்றை வரையச் சொல்வதே நேர்மையானது என்பது என் கருத்து. 1010க்கு இராசராசனின் முகம் வேண்டாம், பெரிய கோயிலின் விமானம் போதும். நாம் அனைவரும் அறிந்த வள்ளுவர் உருவமே 20ஆம் நூற்றாண்டில் வரையப்பட்டதுதான்.

கேட்டவர்: மிக்க நன்றி. அட்டைகளைக் கழற்றிப் பெட்டிக்கு மாற்றிவிட்டோம். வள்ளுவர் அட்டையை மட்டும் அவள் மாற்ற மறுத்துவிட்டாள். படம் கற்பனை என்று பின்புறம் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறாள்.