ஆங்கில வார்த்தையைப் பிரித்துப் படித்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

பெருந்துறை, டியூஷன் ஆசிரியை:

பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்யும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த வாரம் கேட்டால் பாதி மறந்திருக்கும்.

செக்கிங்கில் இருக்கும் ஒரு பெண், பையர் அனுப்பிய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டோடு வந்தாள். அதில் 'டிஸ்கலரேஷன்' என்று நீளமாக ஒரு வார்த்தை. உள்ளே தெரிந்தது ஏதாவது இருக்கிறதா பார் என்றேன். பென்சிலால் நடுவில் வட்டம் போட்டாள். "மிஸ், இதுக்குள்ள கலர் இருக்குதுங்களே!" டிஸ்கனெக்ட் தெரிந்தவளுக்கு முன்னால் இருந்த 'டிஸ்' புரிந்தது. பின்னால் இருந்த 'ஏஷன்' இன்ஃபர்மேஷனில் வருவதுதான். "சாயம் போனதுங்களா?" என்றாள். அடுத்த வரியில் 'மிஸ்அலைன்மென்ட்'. நான் வாய் திறப்பதற்குள், "வண்டிக்கு வீல் அலைன்மென்ட் பாப்பாங்களே, அது தப்பிப் போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இது நமக்குப் புதிதே இல்லை. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பள்ளியில் 'வந்தனன்' பிரித்தவர்கள்தானே நாம்? அந்த ஆறையும் நன்னூலில் எழுதிவைத்த பவணந்தி முனிவருக்கு இங்கே பக்கத்துச் சீனாபுரம்தான் ஊர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தமிழில் பிரிக்கத் தெரிந்த பிள்ளையிடம், ஆங்கிலத்தையும் பிரித்துப் பார் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

திருப்பூர், சாயப்பட்டறை ஸ்டோர்ஸ்:

உண்மைதானுங்க. எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றிலும் வரும் 'போர்ட்', சுமப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர் என்று தெரிந்தபின் போர்ட்டரும் போர்ட்டபிளும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்கக் கூடாது. இன்வாய்ஸில் 'வாய்ஸ்' கிடையாது. அனுப்புவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது.

அதாவது பரவாயில்லை. எங்கள் ஸ்டோரில் ஒரு கெமிக்கல் டிரம்மில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தது. இன்கரெக்ட், இன்கம்ப்ளீட் மாதிரி இங்கேயும் 'இன்' என்றால் 'இல்லை' என்று புதிதாக வந்த தம்பி நினைத்துக்கொண்டான். தீப்பிடிக்காத சரக்குதானே என்று பாய்லர் பக்கம் உருட்டிக்கொண்டு போனான். சத்தம் போட்டு நிறுத்தினோம். எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அங்கே 'இன்' மறுப்பே இல்லை.

கோபி, பள்ளி ஆசிரியை:

'சைன்' எழுதும்போது நடுவில் ஜி எதற்கு டீச்சர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் கீழேயே சிக்னல், சிக்னேச்சர் எழுதிக் காட்டுவேன். சத்தம் மாறினாலும் வேர் எழுத்தில் அப்படியே இருப்பதைப் பார்த்தபிறகு அந்த ஸ்பெல்லிங்கை விடுவதில்லை.

பெருந்துறை, டியூஷன் ஆசிரியை:

டிரம் விஷயத்தை அவசியம் வகுப்பில் சொல்கிறேனுங்க. பிரித்து யூகித்த அர்த்தம் அந்த வாக்கியத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவும், அப்புறம் டிக்‌ஷனரியில் சரிபார்க்கவும் பழக்குகிறேன்.