பழைய டெஸ்க்டாப்: ராம் கூட்டலாமா, எஸ்எஸ்டி போடலாமா?

கேள்வி:
ஐ3-4130 ப்ராசஸர், எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் (ஒரே ஸ்டிக்), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 64 பிட். குரோமில் பத்து டேப், கூடவே எக்செல் திறந்தால் மவுஸே நகராது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 90%, டிஸ்க் 100%. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எது முதலில்?

பதில் 1:
டிஸ்க் 100% என்பதை மட்டும் வைத்து எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்) வாங்கிவிடாதீர்கள். ராம் போதாமல் போனால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலில் தள்ளும். அப்போதும் டிஸ்க் 100% தான் காட்டும். ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கம் போய், மெஷின் திணறும் நேரத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' (ராமில் இல்லாததை விநாடிக்கு எத்தனை முறை டிஸ்கிலிருந்து எடுக்கிறது என்பது) பாருங்கள். நூற்றுக்கணக்கில் நின்றால் ராம் குறைவுதான். எதையும் திறக்காமல், பூட் ஆகி பத்து நிமிடம் கழிந்தும் டிஸ்க் 100%லேயே இருந்தால் கோளாறு ஹார்ட் டிஸ்கில்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். சும்மா இருக்கும்போது டிஸ்க் 5%க்குள். டேப் கூடக்கூட ஃபால்ட்ஸ் 400ஐத் தாண்டுகிறது.

பதில் 1:
அப்படியானால் ராம்தான். இன்னொரு 4 ஜிபி போட்டால் இரண்டும் டூயல் சேனலில் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் இயங்கி வேகம் கூடும் முறை) ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் கிராஃபிக்ஸும் ராமைத்தான் பயன்படுத்தும், அதனால் அது கூடுதல் லாபம். 8 ஜிபி ஸ்டிக் போட்டாலும் தப்பில்லை, 12இல் 8 ஜிபி டூயலாகவே ஓடும். எச்81 தாங்குவது அதிகபட்சம் 16.

பதில் 2:
வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பிசி3-12800யு அல்லது பிசி3எல்-12800யு என்றிருக்க வேண்டும். கடைசி எழுத்து 'எஸ்' என்றால் லேப்டாப் ராம், நீளம் பாதிதான். விலை மலிவான 8 ஜிபி டிடிஆர்3 சிலவற்றில் 'ஏஎம்டி மட்டும்' என்றிருக்கும். இன்டெல் போர்டில் அது பூட் ஆகாது. டிடிஆர்4ஐ அழுத்திப் பார்க்கவே வேண்டாம், ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

மாட்டும்முன் பவர் கார்டை உருவி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கிளிப் 'டிக்' என்று தானாக மூட வேண்டும். பீப் சத்தம் வந்து திரை கறுப்பாக நின்றால் ராம் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை. பழைய ஸ்டிக்கின் தங்க நிறக் காண்டாக்டை ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

பதில் 3:
ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். இந்த ப்ராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அதனால் புது 16 ஜிபி வேண்டாம், செகண்ட் ஹேண்டில் இன்னொரு 4 ஜிபி ஸ்டிக் வாங்கினாலே போதும். வாங்கியதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு எரர் வந்தாலும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.