மெக்லாரன் இந்த சீசனில் தேறுமா?

கேள்வி (2023 ஜூன் 19)
நேற்று கனடா ஃபார்முலா 1 கார் ரேஸ் முடிந்தபோது ராத்திரி ஒரு மணி தாண்டிவிட்டது. மெக்லாரன் டீமின் ஓட்டுநர் நாரிஸ் ஒன்பதாவதாக வந்தும் 5 வினாடி தண்டனையால் பதின்மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டார். டீமின் இன்னொரு ஓட்டுநர் பியாஸ்ட்ரி பதினொன்று. எட்டு ரேஸில் டீமுக்கு மொத்தமே 17 பாயிண்ட். பஹ்ரைனில் நாரிஸ் இன்ஜினுக்குக் காற்று நிரப்ப ஆறு தடவை பிட்டுக்குள் (காரைச் சரிசெய்யும் இடம்) வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மெக்லாரனின் பழைய சாம்பியன் ஹாக்கினென் காலத்திலிருந்து இந்த டீமைத்தான் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. மீதி 14 ரேஸில் ஏதாவது தேறுமா?

பதில் 1
கஷ்டம்தான். அந்த 17-இல் 12 ஆஸ்திரேலியாவில் வந்தது, அதுவும் முன்னால் போனவர்கள் மோதிக்கொண்டதால். ஸ்பெயினில் மூன்றாவதாகக் கிளம்பிய நாரிஸ், முதல் சுற்றிலேயே மெர்சிடிஸ் டீமின் ஹாமில்டன் காரில் இடித்து முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். நேர்ப்பாதையில் இந்தக் காரை யார் வேண்டுமானாலும் தாண்டுகிறார்கள். டீம் பட்டியலில் ஐந்தாவது இடத்தில் இருக்கும் ஆல்பீன் டீமுக்கு 44 பாயிண்ட்.

பதில் 2
பாயிண்டை மட்டும் பார்க்காதீர்கள். பிப்ரவரியில் காரைக் காட்டும்போதே நினைத்த அளவுக்கு வரவில்லை என்று டீமே ஒத்துக்கொண்டது. இப்போது ஓடுவது அந்தப் பழைய கார்தான். ஸ்டெல்லா டிசம்பரில் டீம் தலைவராகப் பொறுப்பேற்று, மார்ச்சில் தொழில்நுட்பத் தலைமையையே மாற்றி அமைத்தார். அந்த வேலையின் பலன் புதிய பாகங்களாக ஆஸ்திரியாவில் நாரிஸ் காரில் ஏறப்போகிறது. வேகமான வளைவுகளில் இந்தக் கார் இப்போதே நன்றாகத்தான் நிற்கிறது. அதனால் வேகமான வளைவுகள் நிறைந்த சில்வர்ஸ்டோன் ரேஸைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (ஜூலை 9, ராத்திரி)
பதில் 2 அண்ணே, நீங்கள் சொன்னதுதான் நடந்தது! ஆஸ்திரியாவில் நாரிஸ் நான்காவது. இன்று சில்வர்ஸ்டோனில் ஸ்டார்ட் விளக்கு அணைந்ததும் நாரிஸ், முதலாவதாகக் கிளம்பிய வெர்ஸ்டாப்பனைத் தாண்டி முதல் வளைவுக்குள் போனபோது கத்திவிட்டேன், வீட்டில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அப்புறம் எல்லாரையும் மெதுவாகப் போகவைக்கும் சேஃப்டி கார் வந்தது. நாரிஸுக்குப் பிடிப்பு குறைந்த ஹார்ட் டயர், பின்னால் ஹாமில்டனுக்குப் பிடிப்பு அதிகமான சாஃப்ட். போச்சு என்றே நினைத்தேன். ஹாமில்டன் பக்கத்திலேயே வந்துவிட்டார், நாரிஸ் வளைவுக்கு வளைவு இடம் விடாமல் தாங்கினார். நாரிஸ் இரண்டு, பியாஸ்ட்ரி நான்கு. பியாஸ்ட்ரிக்கு அந்த சேஃப்டி காரால்தான் மூன்றாவது இடம் போனது, அதில் எனக்கு வருத்தம். மொத்தம் 59. இரண்டு ஆல்பீனும் பாதியில் நின்றதால் ஐந்தாவது இடம் நமக்கு. அடுத்து ஹங்கேரி, அங்கே மெதுவான வளைவுகள்தான் அதிகம். அதிலும் இந்தக் கார் ஓடுமா, சொல்லுங்கள்.