மறு: அணைக்குள் மூழ்கி எழும் நிலத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

'டிராடவுன் சோன்' (drawdown zone) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று குழுவில் கேட்டதற்கு இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: நீர்ப்பிடிப்பு நிலம், வடிநிலம், மூழ்கெழுநிலம், வற்றுநிலம். அணையின் முழு நீர்மட்டத்துக்கும் தண்ணீர் இறங்கக்கூடிய கடைசி மட்டத்துக்கும் நடுவே, ஒருசமயம் நீருக்குள்ளும் ஒருசமயம் வெயிலிலும் கிடக்கும் நிலப்பட்டைதான் நாம் பெயர் தேடுவது.

முதல் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். நீர்ப்பிடிப்பு என்ற சொல்லை நாளிதழ்கள் ஏற்கெனவே படாத பாடு படுத்திவிட்டன. 'மேட்டூர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கனமழை' என்றால் மழை குடகில் பெய்கிறது. 'நீர்ப்பிடிப்புப் பகுதியில் விதைப்பு' என்றால் அது அணையின் வயிற்றுக்குள். வடிநிலம் என்றால் இலங்கை நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு அது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் பரப்பு முழுவதும். நம் நீர்வளத் துறையிலேயே காவிரி வடிநிலக் கோட்டம் இருக்கிறதே! மூழ்கெழுநிலம் காதுக்கு அழகுதான், ஆனால் எழுவது நிலமல்ல, இறங்குவது தண்ணீர்.

வற்றுநிலத்துக்குத்தான் இங்கே ஆதரவு அதிகம். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. மேட்டூரில் 120 அடி கொள்ளும் அணை நன்றாக இறங்கியதும் பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், படம் பிடிக்கக் கூட்டம் கூடும். அதைப் பார்த்தால் வற்றியது என்றுதான் வாயில் வருகிறது. ஆனால் மேட்டூரில்கூடத் தண்ணீர் பெரும்பாலும் தானாக வற்றுவதில்லை. டெல்டாவுக்காக மதகைத் திறக்கிறோம், அதனால் இறங்குகிறது.

மின்நிலையங்களுக்குப் போனால் இந்தச் சொல் இன்னும் இடறுகிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், நான்கு எந்திரம், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். மின்தேவை கூடும் நேரத்தில் மேலே காடம்பாறை அணையிலிருந்து தண்ணீர் இறங்கி மேல் ஆழியாறுக்குப் போகிறது. தேவை குறைந்ததும் அதே எந்திரங்கள் எதிர்த்திசையில் சுழன்று தண்ணீரை மேலே ஏற்றுகின்றன. ஓர் அணையின் கரை தெரியும்போது மற்ற அணையின் கரை மூழ்குகிறது. அங்கே எது வற்றியது?

சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையோ இன்னும் தலைகீழ். வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்று கோடைமழைக்கு முன் மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்கிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடி 175 வரை ஏற்றுகிறார்கள். மழைக்காலத்தில் கரை வெளியே, குளிர்காலத்தில் உள்ளே. ஆற்றின் பழைய கோடை வெள்ளத்துக்குப் பழகிய செடிகள் பல இந்த 30 மீட்டர் பட்டையில் பிழைக்க முடியாமல் போயின. கொட்டும் மழையில் வெறிச்சோடிக் கிடக்கும் கரையை வற்றுநிலம் என்று எப்படி எழுதுவது?

வற்றுதல் தன்வினை. நமக்கு வேண்டியது பிறவினை, மதகைத் திறந்த கை அந்தச் சொல்லில் தெரிய வேண்டும். அதனால் 'நீரிறக்கம்' என்று தொடங்கலாம் என்பது என் எண்ணம். (குடலிறக்கம் நினைவுக்கு வருகிறது என்று யாராவது சிரிப்பீர்கள். சிரியுங்கள், குழப்பம் வராது.) இதை வைத்துக் கிளைச்சொற்களும் எளிதாக வரும். மண்ணணையில் தண்ணீரை மளமளவென்று இறக்கினால், மண்ணுக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாது. வெளியே முட்டுக்கொடுத்த தண்ணீரும் போய்விட, உட்பக்கச் சரிவு சறுக்கிவிடும். பொறியாளர்கள் அஞ்சும் அதற்கு 'விரைவு நீரிறக்கம்' என்று பெயர் வைத்துவிடலாம்.

நிலத்துக்கு? ஏரிக்கரைக்கு உட்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'உள்வாய்' என்கின்றன. நல்ல சொல், சும்மா கிடக்கிறது. அணையில் நீர் பரவும் தரை முழுவதும் உள்வாய், அதில் ஏறி இறங்கும் பட்டை மட்டும் 'நீரிறக்க உள்வாய்'. இன்னும் சுருக்கி 'இறக்குவாய்' என்று ஆக்கிப் பார்த்தேன். மூட்டையை இறக்கச் சொல்வதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன்.

ஒரு தயக்கம் இருக்கிறது. மடைவாய், வாய்க்கால் என்று பழகிய காதுக்கு உள்வாய் என்றதும் தண்ணீர் நுழையும் துளை என்று தோன்றுமோ? குழுவில் இருக்கும் பொறியாளர்கள் சொல்ல வேண்டும்.

அப்புறம், பென்னாகரம், கொளத்தூர் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி. தண்ணீர் இறங்கியதும் மேட்டூர் அணைக்குள் வெள்ளாமை வைப்பவர்கள் அந்த நிலத்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அங்கே ஒரு சொல் இருந்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.