ரூல் புத்தகத்துக்குத் தண்டம் அழுத கதைகள்

செந்தூல்காரன் எழுதியது:

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் ஆட்டம் எனக்குப் பித்து. அதில் என் படைக்கான விதிகள் உள்ள ஆர்மி புத்தகத்தை இப்போது மூட முடியவில்லை. வாங்கிய அன்றைக்கு ஒல்லியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அலமாரியில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. காரணம் நான் ஒட்டிய சீட்டுகள். கம்பெனியிடமிருந்து விதித் திருத்தம் வரும்போதெல்லாம் பிடிஎஃபை அச்செடுத்து, மாறிய வரியை மட்டும் கத்தரித்து, பழைய வரியின்மேல் பசை தடவி ஒட்டிவிடுவேன். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 41 சீட்டு. ஓர் இடத்தில் ஒரே வரிக்கு மூன்று சீட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. விரலால் தடவினால் மேடு தட்டுகிறது.

எந்த ஆட்டம், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தான், ஒருவரை மட்டும் திட்டி என்ன செய்ய?

நடந்ததைச் சொல்கிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆடுவோம். எனக்கு வேலை ஷிப்ட் முறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தாலே பெரிது. அன்றைக்கு எதிரில் உட்கார்ந்தவன் ஃபார்ம் ஃபைவ் முடித்த தம்பி. கையில் புத்தகமே இல்லை, போன் மட்டும்தான். மூன்றாவது ரவுண்டில் என் பீரங்கிப் படையை முன்னே நகர்த்தி, டேப் வைத்து அளந்து, "ரெண்டு தடவ சுடுறேன்" என்றேன். தம்பி தயங்கினான். பிறகு மெதுவாக, "அண்ணே, அது போன மாசமே மாத்திட்டாங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினான். சிவப்பு எழுத்தில் இரண்டு வரி. என் 42-ஆவது சீட்டு.

தோற்றதில் வருத்தம் இல்லை, எனக்குப் பழக்கம்தான். பையன் முகத்தில் இருந்த சங்கடம்தான் போகவில்லை. பெரியவர் ஒருவருக்கு அவருடைய புத்தகத்தில் இருப்பதே தப்பு என்று சொல்ல நேர்ந்துவிட்டதே என்கிற சங்கடம். அந்தச் சீட்டுகளை அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி மாமாக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடிப்படை ரூல் புத்தகம் 270 வெள்ளி (ரிங்கிட்), ஆர்மி புத்தகம் 230, அதற்கான விதி அட்டைக்கட்டு 120. ஆக 620. இந்த எடிஷனில் நான் ஆடிய ஆட்டங்கள் 14. ஆட்டத்துக்கு 44 வெள்ளி, வெறும் படிப்புக்கூலி. பொம்மை, பெயின்ட், பெட்ரோல் எல்லாம் தனி. வாரம் மூன்று நாள் ஆடுகிறவனுக்கு இதே புத்தகம் மலிவு. என்னைப் போல மாதம் ஒருமுறை ஆடுகிறவன்தான் அதிகம் அழுகிறான். விலையைவிட அதன் ஆயுள்தான் என் பிரச்சினை. 500 வெள்ளி கொடுக்கிறேன், பத்து வருஷம் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். திருத்தம் வராவிட்டாலும் திட்டுவோம். ஒரு படை மட்டும் எல்லா டோர்னமென்டிலும் ஜெயித்துக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு என்ன சுவாரசியம்? ஆனால் புத்தகம் அச்சுக்குப் போய், கப்பலேறி, கடைக்கு வந்து சேர மாதக்கணக்காகிறது. அதற்குள் பாயிண்ட்ஸ், அதாவது ஒவ்வொரு பொம்மைக்கும் போட்ட மதிப்பெண், மாறிவிடுகிறது. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கும்போதே அந்த எண்கள் உள்ள கடைசிப் பக்கங்கள் செத்துக் கிடக்கின்றன. மாறப்போகிற எண்களைக் கெட்டி அட்டை போட்டு விற்பானேன்?

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

தொழில்புத்தி, எண்ணாமல் இருக்க முடியவில்லை. வார்ஹாமர் 40,000-ஐ எடுத்துக்கொள்வோம், எல்லாருக்கும் தெரிந்த விண்வெளிப் போர் ஆட்டம். முதல் பதிப்பு 1987. அடுத்தது 1993, பிறகு 1998, 2004, 2008, 2012, 2014, 2017, 2020, பத்தாவது 2023. முதல் மூன்று இடைவெளிகள் 6, 5, 6 வருஷம். கடைசி மூன்றும் 3, 3, 3. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 2023-இல் அடிப்படை விதிகளையும் எல்லாப் படைகளின் தொடக்க விதிகளையும் இலவச பிடிஎஃபாகவே கொடுத்தார்கள்.

நம் ஊருக்கென்று இன்னும் இரண்டு சுமை உண்டு. கம்பெனி பிரிட்டனில், விலை பவுண்டில். 2024-இல் பவுண்டு 6 வெள்ளியைத் தொட்டது. அதே வருஷம் ஜனவரி முதல், ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் 500 வெள்ளிக்கு மிகாத சாமான்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி.

ஆறுதல் ஒன்று. வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி இருக்கிறதே, அதில் புத்தகம் சேரும். நான் இரண்டு வருஷமாக ரூல் புத்தகத்தைக் காட்டுகிறேன், மனசாட்சி உறுத்தவில்லை. ரசீதை 7 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். புத்தகம் மூன்று வருஷத்தில் போய்ச் சேரும். ரசீது அதற்குப் பிறகும் நான்கு வருஷம் உயிரோடிருக்கும்.


பிரஷ்கழுவாதவள் எழுதியது:

நான் ஆடுவதைவிட பெயின்ட் அடிப்பதுதான் அதிகம். அதனால் புதுப் புத்தகம் வாங்குவதில்லை என்று சபதம். பழசு வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பிடித்தேன். 230 வெள்ளிப் புத்தகம் 110-க்கு. மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி வாசலில் சந்திப்பு. பேப்பர் பையில் சுற்றித் தந்தார். காசைக் கொடுத்தேன், இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தோம். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

ரயிலில் பிரித்தேன். ஒரு மடிப்பு இல்லை, கறை இல்லை. பின்னட்டைப் பக்கம் போனால், இதே விதிகளைக் கம்பெனியின் போன் ஆப்பில் திறப்பதற்கான குறியீடு சுரண்டப்பட்டு வெள்ளிப்பொடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்துப் பார்த்தேன், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. அதாவது அந்த மனிதர் புத்தகத்தின் உயிரை எடுத்துத் தன் போனில் வைத்துக்கொண்டு உடம்பை எனக்கு விற்றிருக்கிறார். கேட்டதற்கு, "கோட் உண்டுனு நான் சொல்லவே இல்லியே சிஸ்" என்றார். உண்மைதான், சொல்லவில்லை.

இதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. முன்பெல்லாம் புத்தகத்தை ஆடி முடித்தபின் பாதி விலைக்கு விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்கலாம். நான் படித்த காலத்தில் பள்ளிப் புத்தகங்கள் அக்காவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து சித்தி மகளுக்கு என்று போகும். குறியீடு வந்தபிறகு அந்தக் கைமாற்று அறுந்துபோனது. விலை ஏறியதை எல்லாரும் பேசுகிறோம், இதை யாரும் பேசுவதில்லை.

அந்தப் புத்தகம் என்ன ஆயிற்று என்றால், என் பெயின்ட் மேசையில்தான் இருக்கிறது. தோள்பட்டைக் கவசத்தில் துரு எப்படி ஏற்றுவது என்று பார்க்க அந்தப் படங்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. படத்துக்கு எராட்டா (திருத்தம்) போடமாட்டார்கள். 43-ஆம் பக்கத்தில் கறுப்பு பிரைமர் கைரேகை ஒன்று இருக்கிறது. அது என்னுடையது.


கல்லாவில் இருந்தவன் எழுதியது:

படிக்கும்போது ஒரு ஹாபி கடையில் வார இறுதி வேலை. எங்கே என்று கேட்காதீர்கள்.

புது எடிஷன் அறிவிப்பு வந்த வாரம் முதலாளி முகத்தைப் பார்க்க முடியாது. அலமாரியில் பழைய ஆர்மி புத்தகங்கள் முப்பதுக்குமேல் கிடந்தன. எல்லாவற்றையும் வாசலருகே ஒரு கூடையில் கொட்டி 50 விழுக்காடு தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு தந்தை வந்தார். வேலையிடத்து யூனிபார்ம், சட்டைப்பையில் பாஸ் தொங்குகிறது. போனில் மகன் அனுப்பிய படத்தைக் காட்டி, "தம்பி, இதுல உள்ள பொம்மைக்குப் புத்தகம் வேணும். பையனுக்குப் பொறந்தநாள்" என்றார். கூடையில் அதே படை. அவரே எடுத்துவிட்டார். விலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாதி விலையா? அப்ப பொம்மையும் ஒரு பாக்கெட் எடுத்துக்கலாம்."

முதலாளி இரண்டடி தூரத்தில் நிற்கிறார். நான் ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு சொல்லிவிட்டேன்: "அண்ணே, இது ரெண்டு மாசத்துல செல்லாது. பையன் பள்ளிக்கூடத்துல கூட்டாளிங்களோட ஆடணும்னா புதுசு வரட்டும்." அவருக்குப் புரியவில்லை. "புத்தகம் எப்படித் தம்பி செல்லாமப் போகும்? பண நோட்டா?" என்று கேட்டார். பதில் என்னிடம் இல்லை. பொம்மை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளி அன்றைக்கு என்னோடு பேசவில்லை. அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கூடையில் இருந்தது அவருடைய முன்பணம்.


பட்டர்வொர்த் அங்கிள் எழுதியது:

நீங்களெல்லாம் விண்வெளியில் சண்டை போடுகிறீர்கள். நாங்கள் பினாங்கில் நாலு பேர், வயசு ஐம்பதுக்குமேல், கம்பாரில் சண்டை போடுகிறோம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பேராக்கில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஜப்பானியரை எதிர்த்து நின்ற சண்டை. நண்பர் வீட்டுப் பிங்பாங் மேசைமேல் பச்சைத் துணி, அடியில் தலையணை வைத்தால் குன்று. தாம்சன், கிரீன், செமட்ரி என்று மூன்று மேடு. ஜப்பானியப் படையை எப்போதும் சீன நண்பர் ஒருவர்தான் நடத்துவார், "வேறு யார் கையில் கொடுத்தாலும் ஜெயித்துவிடுவார்கள்" என்பார். நான் பஞ்சாப் ரெஜிமெண்ட். சீக்கியர் கம்பெனி பயனட்டோடு பாயும் கட்டம் வந்தால் எல்லாரும் எழுந்து நின்றுதான் டைஸ் உருட்டுவோம்.

எங்கள் ரூல் நாலு பக்கம். நாங்களே எழுதியது. படகுத்துறைப் பக்கம் ஒரு கடையில் போட்டோஸ்டேட் எடுப்போம், பக்கம் 10 சென். புது எடிஷனுக்கு ஆளுக்கு 40 சென் அழுகிறோம்!

சிரிக்காதீர்கள், எங்களிடமும் எடிஷன் தொல்லை உண்டு. மோர்ட்டார் விதியை மட்டும் ஒன்பது தடவை மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் தோற்றவர்தான் மாற்றச் சொல்வார். போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இரண்டு பேர் ஏழாவது காப்பியோடும் இரண்டு பேர் எட்டாவது காப்பியோடும் வந்துவிட்டோம். அரைமணி நேரம் வாக்குவாதம், டீ ஆறிப்போனது. ஆக, காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சண்டை அதே சண்டைதான்.

கடையில் வாங்கியே தீர வேண்டும் என்பவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரை ஆடும் போல்ட் ஆக்‌ஷனுக்கு 2012, 2016, 2024 என்று மூன்றே எடிஷன். இரண்டாவது எட்டு வருஷம் ஓடியது. விண்வெளிதான் வேண்டும் என்றால் ஸ்பெயின்காரர்களின் இன்ஃபினிட்டிக்கு விதிகள் இலவச பிடிஎஃப். பொம்மைக்கு மட்டும் காசு. செந்தூல் தம்பி, உங்கள் பொம்மைகளை வேறு ரூலில் ஆடக்கூடாது என்று போலீஸ் வந்து பிடிக்கப்போவதில்லை.


செந்தூல்காரன் எழுதியது:

அங்கிள், வேறு ரூல் எனக்கும் ஆசைதான். ஆனால் எதிரில் உட்கார ஆள் வேண்டுமே. பினாங்கில் உங்களுக்கு நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். இங்கே கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எந்த எடிஷன் ஓடுகிறதோ அதைத்தான் ஆடுகிறார்கள். புத்தகத்துக்குக் கொடுக்கும் காசு பாதி அந்த எதிர் நாற்காலிக்கு வாடகை.

நேற்று இன்னொன்று நடந்தது. அந்த ஃபார்ம் ஃபைவ் தம்பி வந்து, "அண்ணே, அந்தப் பழைய புக்க ஒரு வாரம் குடுங்களேன்" என்றான். எதற்கு என்றேன். ஆட்டத்துக்கு வந்ததிலிருந்து அவன் ஆப்பைத் தவிர வேறு பார்த்ததில்லையாம். மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன்.

இன்றைக்கு மெசேஜ் வந்தது, மன்னிப்புக் கேட்டு, ஒரு போட்டோவோடு. மூன்று சீட்டு ஒட்டியிருந்த அந்த இடத்தில், முதலில் என்னதான் அச்சாகியிருந்தது என்று பார்க்க நகத்தால் பிரித்திருக்கிறான். மூன்றும் கையோடு வந்துவிட்டன. அடியில் இருந்த வரியும் பாதி அவற்றோடு கிழிந்து வந்துவிட்டது. மிச்சம் தெரிந்தது "ரெண்டு தடவை" என்பதற்கான வார்த்தை மட்டும்தான்.